தாழங்குடா ஆடு

செம்மண்டலத்தில் மாடி போர்ஷனில் குடியிருக்கும் சந்திரலேகாவுக்குக் கோபம் வராத நாள் உண்டா என்று அவள் புருஷன் இளவரசைக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரண்டு இல்லாத நாளு" என்பான். கரண்டு இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஓடாது. கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், ஊரான் ஊரான் அனுப்பும் கண்றாவியை எல்லாம் அவள் காதில் வாங்க வேண்டியதில்லை.

அவள் வேலையே அதுதான். யூடியூபில் வீடியோ போடுகிறவர்கள், தாங்கள் பேசிப் பதிவு செய்ததை அவளுக்கு அனுப்புவார்கள். அவள் இரைச்சலை எடுப்பாள், அமுங்கிக் கிடக்கும் குரலைத் தூக்குவாள், கத்தலை இறக்குவாள், மனுஷன் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆக்கித் திருப்பி அனுப்புவாள். ஜோசியம் சொல்கிறவர், பிளவுஸ் தைக்கச் சொல்லித்தருகிறவள், கரும்புக்கு மருந்தடிப்பது பற்றி மணிக்கணக்காகப் பேசும் மேல்பட்டாம்பாக்கத்து ஆசாமி என்று எல்லோரும் அவள் கஸ்டமர்கள். அத்தனை பேரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

"சார், ஃபேன நிறுத்திட்டுப் பேசுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? வேர்த்தா வேர்த்துட்டுப் போவட்டும். ஜோசியம் நீங்க சொல்றீங்களா, ஒங்க ஃபேன் சொல்லுதா?"

"ஏம்மா, மைக்க என்னா மாங்கா மாதிரி கடிக்கிற? ஒரு சாண் தள்ளி வச்சிப் பேசேன். காதுல எச்சி தெறிக்குது எனக்கு."

இப்படி வாய்ஸ் மெசேஜில் ஏறு ஏறு என்று ஏறுவாள். யாரும் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனதில்லை. வேலை அவ்வளவு சுத்தம். போதாததற்கு, அவள் திட்டுவதைக் கேட்பதே சிலருக்குப் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது. பிளவுஸ்காரி அதை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிச் சிரிப்பாள் என்று ஒரு பேச்சு உண்டு.

பிறந்தது கீரப்பாளையம். அப்பாவுக்கு நெல் வயல். வீட்டுக்குப் பக்கத்திலேயே மாவு மில் ஓடியதால் குடும்பமே கத்திப் பேசிப் பழகிய குடும்பம். சாப்பிட வா என்று கூப்பிடுவதே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். படித்து முடித்ததும் அங்கேயே ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்தாள். முதலாளி அவளை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "இந்தப் பொண்ணுக்குக் காது சும்மா போலீஸ் நாய் மாதிரி" என்று பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார். ஒருநாள் பொறுத்தாள், ஒரு வாரம் பொறுத்தாள், கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வீசிவிட்டு, "இனிமே நீங்களே மோப்பம் புடிங்க சார்" என்று சொல்லி இறங்கி வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் செம்மண்டலம் வந்து, பின்பக்க அறையின் சுவர் முழுக்கப் பழைய பஞ்சு மெத்தையை அடித்து, ஜன்னலை அடைத்து, தானே முதலாளியாக உட்கார்ந்துவிட்டாள். இளவரசு அந்த அறையைக் கோழி அடைகாக்கும் அறை என்பான். அதற்கும் திட்டு வாங்குவான்.

சும்மா சொல்லக்கூடாது, காது அப்படிப்பட்ட காதுதான். ஒரு கீச்சலைக் கேட்டே இது மிக்சி, இது தண்ணி மோட்டார், இது எண்ணெய் காணாத கதவு என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குத் திமிரும் இருந்தது.

சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் ஆபீஸ் போட்டு நாலைந்து சேனல் நடத்துகிறவன் வினோத்குமார். பூர்வீகம் கடலூரை ஒட்டிய தாழங்குடா, கடலுக்குப் போகிற குடும்பம். அவனுடைய அண்ணி செல்லாயி மீன் சமைப்பதைப் படமெடுத்து 'செல்லாயி அடுப்பு' என்று ஒரு சேனல் ஆரம்பித்தான். அதன் ஆடியோவைச் சுத்தம் செய்ய சந்திரலேகாவிடம் வந்தான்.

முதல் வீடியோவைக் கேட்டபோதே அவளுக்குச் செல்லாயியைப் பிடித்துப் போயிற்று. "இந்தம்மாவுக்குத் தொண்டக்குள்ளயே மைக்கு இருக்குது" என்றாள் இளவரசிடம். கடல் இரைச்சல் பின்னால் மெலிசாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம். எண்ணெய் பொரிகிற சத்தமும் இருந்தது, மீன் சமையலில் அது இல்லாமல் எப்படி? ஆனால் நடுநடுவே ஒரு சத்தம். ம்ம்ம்ஆஆ என்று இழுத்து, நடுங்கி, பட்டென்று நிற்கும்.

உடனே வினோத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "தம்பி, நடுவுல ஏதோ கத்துதே, என்னா அது? ஆடா?"

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஆமாக்கா, ஆடுதான். அத மட்டும் எடுத்துவுட்டுடுங்க."

"அவுத்து அந்தாண்ட கட்டச் சொல்லேன். எனக்கு வேல மிச்சம்."

"கட்ட முடியாதுக்கா. அது அங்கதான் இருக்கும்."

ஒரு ஆட்டை ஏன் அந்தாண்ட கட்ட முடியாது என்று சந்திரலேகா கேட்கவில்லை. அடுத்த கஸ்டமர் காத்திருந்தார்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை வெட்டினாலும் தூக்கிப் போட மாட்டாள். திரையில் குரல் ஒரு வரிசையாக ஓடும், கடல் சத்தம் இன்னொரு வரிசையாக ஓடும். வெட்டியதை எல்லாம் அடியில் மூன்றாவதாக ஒரு வரிசையில் இறக்கி, அதை ஊமையாக்கி வைத்துவிடுவாள். கஸ்டமர் என்பவன் இன்று எடு என்பான், நாளைக்கு ஐயோ அதை ஏன் எடுத்தாய் என்பான். இரண்டு முறை பட்டபிறகு வந்த பழக்கம் இது. செல்லாயி வீடியோவின் அடி வரிசைக்கு 'தாழங்குடா ஆடு' என்று பெயர் போட்டாள்.

சேனல் பிய்த்துக்கொண்டு ஓடியது. காரணம் செல்லாயியின் ஒரு வழக்கம். மிளகாய்த்தூளைப் போட்டு வதக்கிக்கொண்டே வருவாள். சட்டென்று கையை நிறுத்தி, "என்னா, ஊத்திடலாமா?" என்று கேட்பாள். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு ஒரு கணம் சும்மா இருப்பாள். பிறகு, "செரி" என்று தலையாட்டிப் புளிக்கரைசலை ஊற்றுவாள். அந்த ஒரு கணத்துக்கு ஜனங்கள் கிறங்கிப் போனார்கள். 'எங்கள கேட்டுட்டுத்தான் அம்மா ஊத்துவாங்க', 'நான் போன்ல ம்னு சொன்னப்புறம்தான் ஊத்துனாங்க' என்று கமெண்ட் குவிந்தது. வினோத் அந்த இடத்தில் கைவைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆடு பெரும்பாலும் கத்துவதும் அந்த இடத்தில்தான். சந்திரலேகா ஆட்டைத் தூக்கிவிட்டு அங்கே கொஞ்சம் வெறும் கடலைப் பரப்புவாள்.

"அந்த ஆட்டுக்குக் கூட நேரம் தெரியுதுங்க" என்று இளவரசிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒருமுறை, செல்லாயி கையிலிருந்து மீன் வழுக்கி விழுந்த இடத்தில், அந்த ஆடு சிரித்த மாதிரி இருந்தது. சந்திரலேகா திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். ஆடு சிரிக்குமா? தோன்றத்தான் செய்தது. ஆனால் கரும்பு மருந்துக்காரர் வாசலில் நிற்காத குறையாக ஃபோன் மேல் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். வெட்டி அடியில் இறக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு கொஞ்ச நாளில் ஆடு கத்துவது குறைந்தது. அப்புறம் நின்றே போயிற்று. வினோத்துக்கு மெசேஜ் போட்டாள். "என்னா தம்பி, ஆட்ட வித்துட்டாங்களா? இப்பதான் எனக்கு நிம்மதி." அவன் சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றை அனுப்பினான்.

அதன்பிறகு ஒரு காலை. ஜோசியக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கீழே இரும்பு கேட்டை யாரோ உடைக்கிற மாதிரி அடித்தார்கள். மெத்தையைத் தாண்டி, ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. சந்திரலேகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. படியில் தடதடவென்று இறங்கினாள்.

"யாரது, கேட்ட பேத்து எடுத்துட்டுப் போவ வந்தீங்களா? காலிங் பெல்லு எதுக்கு வச்சிருக்கு, அழகு பாக்கவா?"

வெளியே புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண் நின்றாள். இடுப்பில் காலி அன்னக்கூடை. கையில் ஒரு முகவரிச் சீட்டு.

"நீதான் சந்திரலேகாவா?"

முகத்தை அவள் வீடியோவில் அதிகம் பார்த்ததில்லை, அவளுக்கு வேண்டியது குரல்தான். குரலைக் கேட்டதும் கோபமெல்லாம் பறந்துவிட்டது. "அட, செல்லாயிக்கா! வாங்கக்கா, உள்ள வாங்க. நான் யாரோன்னு..."

"எம்பொண்ண எங்கடி வச்சிருக்க?"

"என்னாது?"

"எம்பொண்ணு எங்கன்னு கேட்டேன். எடுத்துட்டல்ல? எடுத்து எங்க வச்ச?"

சந்திரலேகாவுக்கு மறுபடியும் ஏறியது. "இந்தாம்மா, மரியாதயா பேசுங்க. ஒங்க பொண்ண நான் ஏன் எடுக்குறேன்? யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதா? தெனம் கேட்டுட்டு இருந்தியே, தெரியாதா?" செல்லாயி அன்னக்கூடையைத் தரையில் எறிந்தாள். அது சுழன்று சுழன்று சத்தம் போட்டு அடங்கியது. எதிர்வீட்டில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "நான் ஊத்திடலாமான்னு யாரக் கேக்குறேன்னு நெனச்ச? ஃபோனப் பாத்துக் கேக்குறேன்னா? எம் மவ வித்யாவக் கேக்குறேன். அவ பதில் சொல்லுவா. அதத்தான நீ புடுங்கிப் போட்ட!"

படியில் நின்றபடியே எல்லாம் கொட்டினாள். வித்யாவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து நடக்க வராது, பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும், புத்தி பளிச்சென்று இருக்கும். அப்பா பழனிவேல் கேரளா பக்கம் போட்டில் போகிறவர் என்பதால் வீட்டில் தாயும் மகளும்தான். கொரோனா காய்ச்சல் வந்து போனதிலிருந்து செல்லாயிக்கு மூக்கு செத்துவிட்டது. மல்லிகைப்பூவும் தெரியாது, கருவாடும் தெரியாது. அன்றிலிருந்து அடுப்படியில் வித்யாதான் அவளுக்கு மூக்கு. மிளகாய்த்தூளின் பச்சை வாசனை போயிற்றா, கருகப் போகிறதா என்று அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து வாசம் பிடித்துச் சொல்ல வேண்டும். ம்ம்ஆ என்றால் ஊற்று. சும்மா இருந்தால் பொறு.

செல்லாயியிடம் இருப்பது பட்டன் ஃபோன். தன் வீடியோவை அவள் பார்த்ததே இல்லை. நேற்று மீன் விற்கப் போன இடத்தில் ஒரு பெண், "எங்களக் கேட்டுட்டுத்தான ஊத்துவீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "ஒங்களயா? எம் மவளயில்ல கேக்குறேன்" என்று இவள் சொல்ல, "மவளா? அதுல யாருமே இல்லியே" என்று அவள் ஃபோனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். நேரே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிக் கொழுந்தனைக் கேட்டால், "எனக்கு என்னா தெரியும் அண்ணி, செம்மண்டலத்துல ஒரு பொம்பள சத்தம் எடுக்குறா, அவ வேல அது" என்று முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

"அவன் ஆடுன்னு சொன்னான்" என்றாள் சந்திரலேகா.

சொன்ன பிறகுதான் தெரிந்தது என்ன சொல்லிவிட்டோம் என்று. செல்லாயி ஒரு படி மேலே ஏறி வந்தாள்.

"என்னா சொன்னான்?"

சந்திரலேகா மேலே வாங்க என்று கையைக் காட்டினாள். மெத்தை அடித்த அறையில் செல்லாயியை உட்காரவைத்து, பழைய வீடியோ ஒன்றைத் திறந்தாள். பெயரை முதலில் மாற்றியிருக்க வேண்டும். அவசரத்தில் அது தோன்றவில்லை. திரையில் மூன்று வரிசையும் விரிந்தன. செல்லாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

"தா... ழங்... குடா..." என்று அவள் விரலை வைத்துப் படித்தாள். அடுத்த சொல்லை வாய்விட்டுப் படிக்கவில்லை.

அடிக்கப்போகிறாள் என்று சந்திரலேகா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"போடு" என்றாள் செல்லாயி.

சந்திரலேகா மேலே இருந்த இரண்டு வரிசையையும் ஊமையாக்கி, அடி வரிசையைத் திறந்துவிட்டாள். வெறும் வித்யா. ம்ம்ம்ஆ. கொஞ்சம் வெறுமை. ம்ம். பிறகு அவசரமாக, ஆ, ஆ, ஆ. எச்சரிக்கிற சத்தம். அம்மா எதையோ கருகவிடப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு சிரிப்பு, மீன் வழுக்கி விழுந்த இடம். தனியாகக் கேட்டால் அதை ஆடு என்று எந்த மடையனும் சொல்லமாட்டான். சந்திரலேகாவுக்குத் தன் காது இரண்டையும் பிய்த்துப் போடலாம் போல இருந்தது.

செல்லாயி அழவில்லை. "இத்தினி நாளு கேட்டியே, ஒரு தடவ கூட மனுசக் கொரலுன்னு தோணலியா?" என்றாள்.

"ஒரு தடவ தோணுச்சிக்கா. இந்தா, இந்த சிரிப்புல."

"தோணி?"

"வேல இருந்துச்சி."

"த்தூ" என்றாள் செல்லாயி. துப்பவில்லை, ஆனால் துப்பியது மாதிரிதான் இருந்தது. "இப்ப அவ வாயே தொறக்குறது இல்ல தெரியுமா? பக்கத்து வூட்டுப் பொண்ணு அவளுக்கு ஒவ்வொரு வீடியோவா போட்டுக் காட்டியிருக்கா, நேத்து ராத்திரிதான் சொன்னா. அம்மா கேக்குது, யாரும் பதில் சொல்லல, அம்மா பாட்டுக்கு ஊத்துது. இவளும் பாத்துட்டே இருந்திருக்கா. நம்ம சத்தம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டா போல. கம்முனு ஆயிட்டா. நான் ஒடம்புக்கு என்னாமோன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். கேட்டா மூஞ்சத் திருப்பிக்குது. எனக்கு வாசமும் தெரியல, பதிலும் இல்ல. தெனம் கொழம்பு கருவுது."

ஆட்ட வித்துட்டாங்களா, இப்பதான் எனக்கு நிம்மதி என்று தான் அனுப்பிய மெசேஜ் சந்திரலேகாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் எழுந்து ஜோசியக்காரரின் அழைப்பை வெட்டிவிட்டு, கைப்பையை எடுத்தாள்.

"எந்திரிங்கக்கா. சிதம்பரம் போவலாம்."

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சந்திரலேகா மனதுக்குள் வினோத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு ஒவ்வொன்றும் அவன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி அவளிடமே வந்தது. அதில் கோபம் இன்னும் ஜாஸ்தியாயிற்று.

வினோத்குமார் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அண்ணி, வாங்க. அக்கா, நீங்களுமா? டீ சொல்லட்டுமா?"

"ஒன் டீயில இடி விழ" என்றாள் சந்திரலேகா. "ஒங்க அண்ணன் பொண்ண ஆடுன்னு சொன்னியே, ஒனக்கு நாக்கு கூசல?"

வினோத் அவளை நேராகப் பார்த்தான். "ஆடுன்னு நான் சொன்னனா? நல்லா யோசிச்சிப் பாருங்கக்கா. ஆடான்னு கேட்டது நீங்க. நான் ஆமான்னேன், அவ்வளவுதான்."

அது உண்மைதான். சந்திரலேகா அந்த மெசேஜை நினைத்துப் பார்த்தாள். அவன் அந்தச் சந்தில் புகுந்துகொண்டான். "அண்ணி, நான் கெட்டதுக்கா செஞ்சேன்? ஜனங்க சமையல் பாக்க வராங்க. நடுவுல அந்தச் சத்தம் வந்தா பயந்துடுவாங்க. இல்ல பாவம்னு கமெண்ட் போடுவாங்க. வித்யாவ நாலு பேரு பாவம்னு சொன்னா ஒங்களுக்கு நல்லாருக்குமா? நம்ம குடும்பத்து மானமும் பாக்கணுமில்ல."

"மானத்துக்கு என்னாடா கொறச்சல்? அவ வாசம் புடிக்கிறா. அவ புடிச்ச வாசத்துலதாண்டா ஒன் சேனலே ஓடுது" என்றாள் செல்லாயி. "இனிமே எம் பொண்ணு சத்தத்தோடதான் எதுவும் வரும். இல்லன்னா என் அடுப்புக்கு முன்னாடி நீ நிக்காத."

வினோத் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். லேசாகச் சிரித்தான். "செரி அண்ணி. போட்டுடலாம். ஆனா எந்த சத்தத்தப் போடுறது? அவதான் இப்ப கம்முனு ஆயிட்டாளே. எடுக்குறதுக்கே ஒண்ணும் இல்லன்னு இந்த அக்காவே சொன்னாங்க. நிம்மதின்னாங்க."

செல்லாயி சந்திரலேகாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திரலேகா சாகும்வரை மறக்கமாட்டாள். பிறகு செல்லாயி கொழுந்தனின் மேஜையில் கிடந்த காலர் மைக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அண்ணி, அது வெலை ஜாஸ்தி" என்று வினோத் எழுந்தான். "வந்து புடுங்கிக்கோ, தைரியம் இருந்தா" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

கீழே இறங்கியதும், "நாளைக்கு வூட்டுக்கு வா" என்றாள் சந்திரலேகாவிடம். "மன்னிப்பு கின்னிப்புன்னு வராத. ஒன் பொட்டிய எடுத்துட்டு வா."

மறுநாள் லேப்டாப்போடு தாழங்குடாவுக்குப் போனாள். வீட்டின் பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் அடுப்பு. அதற்கப்பால் மணல், மணலுக்கப்பால் கடல். பிளாஸ்டிக் நாற்காலியில், வழுக்கி விழாமல் இடுப்பில் துண்டு கட்டி, வித்யா உட்கார்ந்திருந்தாள். படிய வாரிய தலையில் கனகாம்பரம்.

"இவதான் ஒன் சத்தத்த எடுத்தவ" என்றாள் செல்லாயி. வேறு அறிமுகம் எதுவும் இல்லை.

வித்யா சந்திரலேகாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சந்திரலேகா முட்டிபோட்டு உட்கார்ந்து, ஃபோனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த அடி வரிசையை ஓடவிட்டாள். "இங்க பாரு கண்ணு, ஒன் சத்தம் எதுவும் போவல. எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு." வித்யா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நடுங்கும் கையால் ஃபோனைத் தட்டிவிட்டாள். அது மணலில் போய் விழுந்தது. வாய் திறக்கவில்லை.

"பொட்டில வச்சிக்கிட்டா ஆச்சா?" என்றாள் செல்லாயி, மகளுக்காக.

மைக்கை வித்யாவின் நைட்டிக் கழுத்தில் மாட்டினாள் சந்திரலேகா. இத்தனை நாள் அது மாட்டியிருந்தது அம்மாவின் ஜாக்கெட்டில். லேப்டாப்பைத் திண்டில் வைத்து, சத்தத்தின் அளவு காட்டும், மிஞ்சினால் சிவக்கும் பச்சைக் கோட்டைத் திரையில் திறந்துவைத்தாள். ஒரு கையில் ஃபோனைப் பிடித்துப் படமெடுத்தாள். முதல்முறையாகப் படத்துக்குள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

செல்லாயி சட்டியை வைத்தாள். வெங்காயம், தக்காளி, பிறகு மிளகாய்த்தூள். வதக்கினாள். கையை நிறுத்தினாள். பக்கவாட்டில் பார்த்தாள்.

"என்னா, ஊத்திடலாமா?"

வித்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு அசையவில்லை.

பச்சை வாசனை போய் மசாலா மணம் எழும்புவது சந்திரலேகாவின் மூக்குக்கு நன்றாகத் தெரிந்தது. இதுதான் பதம். இப்போது ஊற்ற வேண்டும். அவள் வாயைத் திறக்கப்போனாள்.

"நீ வாயத் தொறந்த, அகப்பையாலயே போடுவேன்" என்றாள் செல்லாயி.

பதம் தாண்டியது. எண்ணெய் கறுக்கத் தொடங்கியது. "ஊத்திடலாமா?" என்று மறுபடியும் கேட்டாள். வித்யாவின் மூக்கு விடைத்தது. கால் கட்டைவிரல் மணலைக் கீறியது. ஆனால் உதடு இறுகியே இருந்தது. புகை கிளம்பியது. மூன்று பேருக்கும் இருமல் வந்தது. செல்லாயிக்கு வாசனை தெரியாவிட்டாலும் தொண்டை எரிவது தெரியுமே. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புளிக்கரைசலை மட்டும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல், "ஏ செல்லாயி, என்னாடி கருவுது?"

"கருவட்டும்!" என்று கத்தினாள் செல்லாயி. "சட்டியே கருவட்டும்! வூடே கருவட்டும்! எனக்கு என்னா தெரியும்? எனக்கு மூக்கா இருக்குது? மூக்கு இருக்குறவ மூஞ்சத் திருப்பிக்கிட்டு குந்தியிருக்கா." மகள் பக்கம் திரும்பினாள். "ஏ வித்யா, ஒன்னத்தாண்டி கேக்குறேன். ஊர்ல ஒருத்தரயும் கேக்கல. ஊத்தவா, வேணாமா?"

வித்யா கத்தினாள்.

அது அடி வரிசையில் இருந்த ம்ம்ஆ இல்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நாற்காலியை ஆட்டி, கழுத்து நரம்பைப் புடைக்கவைத்து வந்த சத்தம். அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் சட்டியைப் பார், புகையைப் பார், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அது திட்டிய திட்டு, கீரப்பாளையத்து மாவு மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்த சந்திரலேகாவுக்கு அப்படியே புரிந்தது. பச்சைக் கோடு ஒரே பாய்ச்சலில் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது. செல்லாயி புளிக்கரைசலைத் தூக்கி ஊற்றினாள். சட்டி சீறியது. வித்யா நிறுத்தவில்லை. அம்மாவை முடித்துக்கொண்டு சந்திரலேகா பக்கம் திரும்பி, அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

கடலூர் ஜில்லாவுக்கே சத்தத்தைக் குறை, சிவப்புக்குப் போகாதே என்று பாடம் எடுத்தவளின் விரல், பழக்கத்தில், அளவைக் குறைக்கும் பொத்தானுக்குப் போனது. அதை அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். ஃபோனை நேராகப் பிடித்துக்கொண்டு, அத்தனை திட்டையும் நின்று வாங்கினாள்.

செல்லாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கருகிய குழம்பைக் கிளறிக்கொண்டே, "வுடாதடி" என்றாள் மகளிடம். "இன்னும் கேளு அவள."

வித்யா விடவில்லை.